முப்பது தடவை கேட்கும்

எந்திக்குது, பொறு. கருப்புத் திரையில் முதல் வரி வந்துவிட்டது. தினமும் காலையில் வருகிற வரிதான். டெர்மினலில் தமிழ் ஒழுங்காக விழாது. பொறு என்பதில் கொம்பு ஒரு பக்கம் நிற்கும், கால் ஒரு பக்கம் நிற்கும், நடுவில் எழுத்து யாரோ போல நிற்கும். எனக்குப் படித்துப் பழகிவிட்டது. நௌஷாதுக்குப் படிக்க வருமா தெரியவில்லை. அவர் சென்னை ஆபீசிலிருந்து என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், காதில் அவர் மூச்சு கேட்கிறது, நடுவே பிஸ்கட் கடிக்கிற சத்தம். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள், மாட்டுக்கு எப்போது ஊசி போட்டது, நாய்க்கு அடுத்து எப்போது போட வேண்டும், இதுதான் எங்கள் பிழைப்பு. அதற்கான டேட்டாபேஸ் என் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு கன்டெய்னரில் இருக்கிறது, வீட்டுக்குள் தனி வாசல் வைத்துத் தடுத்த ஒற்றை அறை மாதிரி. காலையில் அதை எழுப்ப ஒரு ஸ்கிரிப்ட், சாயங்காலம் மூட ஒரு ஸ்கிரிப்ட். எழுப்புகிற ஸ்கிரிப்ட், எழுந்தாச்சா என்று டேட்டாபேஸைக் கேட்கும். பதில் வராவிட்டால் திரையில் ஒரு வரி எழுதும், கொஞ்சம் பொறுக்கும், மறுபடி கேட்கும். அந்த வரிகளை எழுதியவர் ஆசீர், என் வீட்டுக்காரர், இதே கம்பெனிதான். சட்டை போட்டுக்கிட்டிருக்கு. இது இரண்டாவது. வந்துட்டே இருக்கேன்னு சொல்லுது, நம்பாதே. மூன்றாவது. இதற்குள் எழுந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இந்த நேரத்துக்கு எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் வரும், இப்போதும் வருகிறது, யாரோ வாய்ப்பாடு சொல்கிறார்கள், எந்த வாய்ப்பாடு என்று பிடிபடவில்லை. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாடை. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வந்துட்டாம். நான்காவது வரி. இதை எப்போதாவது பார்த்திருக்கிறேன், லேப்டாப் சூடாகி மந்தமாகிற நாட்களில். ஐந்தாவதை நான் பார்த்ததே இல்லை.

அவர் அதை எழுதிய அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, வேட்டியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, கைலியோடு இதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஆபீஸ் வேலையில் இப்படியெல்லாம் எழுதலாமா, யாராவது பார்த்தால் என்றேன். யாரு பாக்கப் போறா, உன் லேப்டாப்புதானே, நீ மட்டும்தான் பாப்பே என்றார். அப்புறம் சொன்னார்: முப்பது தடவை கேக்கும்ட்டி. முப்பதுக்கும் எழுதியாச்சு. ஆனா நீ நாலுக்கு மேல பாக்கவே மாட்டே. ஐயா கட்டின டேட்டாபேஸு அப்படி. ஐயா என்று தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினார். அந்த நெஞ்சில்தான் பிறகு சளி கட்டியது, நிமோனியா என்றார்கள், போன வருடம் ஆகஸ்ட், ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். போட்டபின் பேச்சு இல்லை. அதற்கு முன்பு, உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது முகத்து மாஸ்க்கை விலக்கி, சார்ஜரை எடுத்துட்டு வந்தியாட்டி என்று கேட்டார். எடுத்துட்டு வந்தேன் என்றேன். உண்மையிலேயே எடுத்து வந்திருந்தேன். அதோடு சரி. கடைசியாக என்ன சொன்னார் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், சர்ச்சிலிருந்து வந்த சபை ஐயர் கூடக் கேட்டார், நான் யாரிடமும் சார்ஜரைப் பற்றிச் சொல்லவில்லை. அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். போனில் இருந்த செய்திகளை எல்லாம் படித்துவிட்டேன், குரல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அவற்றில் அர்த்தம் போய் வெறும் சத்தம் மிஞ்சிவிட்டது, பால் வாங்கிட்டியா, பால் வாங்கிட்டியா. இந்த ஸ்கிரிப்டை மட்டும் திறக்கவில்லை. திறப்பது பெரிய காரியமில்லை, இருந்த இடத்திலிருந்தே திறக்கலாம், தினமும் ஓட்டுகிற கோப்புதானே. திறக்காத வரைக்கும் அவர் என்னிடம் இன்னும் சொல்லாதது இருபத்தாறு வரி இருக்கிறது என்பது கணக்கு. என் தங்கச்சி பியூலாவிடம் ஒருதரம் சொல்லலாமா என்று நினைத்தேன், அவள் உடனே திறந்து படிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே என்பாள், அவள் எதையும் அன்றைக்கே முடித்துவிடுகிறவள். நான் சொல்லவில்லை. அஞ்சாச்சு. இவ்வளவு நேரம் ஆகாதே. திரையில் இருக்கிறது. இது புதுசு. படித்துவிட்டேன். படிக்காமல் இருப்பது எப்படி என்று யோசிப்பதற்குள் கண் படித்துவிட்டது. என்னக்கா இன்னும் வரலையா என்கிறார் நௌஷாத், கன்ட்ரோல் சி குடுத்து நிறுத்துங்க, நான் நம்ம புது ஸ்கிரிப்டை அனுப்பறேன், எல்லாரும் அதுக்கு மாறியாச்சு, நீங்கதான் பாக்கி. என் இடது கை அந்த இரண்டு பொத்தான் மேலும் இருக்கிறது. அழுத்தினால் நிற்கும். மிச்சம் அப்படியே இருக்கும். இருங்க நௌஷாத், வந்துரும் என்றேன்.

மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே, மெஷினைத்தான் சொன்னேன், உன்னைச் சொல்லல. காதில் நௌஷாத் சிரிக்கிறார். புரையேறி இருமுகிறார். அக்கா, என்னது இது, பேசுது? யாருக்கா எழுதினது இதை? பழைய ஆள் ஒருத்தர் என்றேன் நான். நம்ம கம்பெனியா? ஆமா, ஆசீர்னு, போய் ஒரு வருஷம் ஆச்சு. அது பொய்யில்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது நௌஷாதுக்கு, என்னைவிடப் பத்து வயது சின்னவர், என் குழுவுக்குத் தலைவர், ஆம்பூர்க்காரர், என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்பது மட்டும். சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர்தான், இறந்துட்டார் என்று சொன்னால் அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிடுவார், சாரிக்கா என்பார், குரல் இறங்கிவிடும், பிறகு வருகிற வரிகளைச் சாவு வீட்டில் பேப்பர் படிக்கிற மாதிரிப் படிப்பார். ஒரு வருடமாக எல்லாரும் அப்படித்தான். ஆசீர் என்று நான் ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர்கள் முகத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள். அவர் சொன்ன ஒரு வேடிக்கையைச் சொன்னேன் ஒருநாள், அவருடைய அண்ணனிடம், சொல்லி முடித்ததும் அவர் என் தலையில் கை வைத்தார். இந்த நௌஷாத் சிரிக்கிறார். ஆசீர் சொன்னதைக் கேட்டு ஒருவர் சிரித்துப் புரையேறுகிறார். சிரிக்கட்டும். ஃபேன் சத்தம் கேக்குதா? கேட்டா உயிர் இருக்கு, பயப்படாதே. லேப்டாப்பின் அடியில் ஃபேன் சுற்றுகிறது, கேட்கிறது, சூடான காற்று மணிக்கட்டில் அடிக்கிறது. அந்த ஆஸ்பத்திரி அறையிலும் சத்தம் இருந்தது. சீராக, ஏறி இறங்கி. கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன், சத்தம் கேட்கிறவரைக்கும் இருக்கிறார், என்று. சத்தம் மெஷினுடையது என்று ஒரு நர்ஸ் சொன்னாள், நல்ல பெண், பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. இதை அவர் எழுதும்போது அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. வேண்டாம், இங்கே நிறுத்திவிடலாம். கை இன்னும் பொத்தான் மேல்தான் இருக்கிறது. அடுத்த வரி இதைவிட மோசமாக இருந்தால்? அதைவிட, நௌஷாத் பார்க்கக்கூடாத ஏதாவது வந்தால்? எங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் பேச்சு ஒன்று இருந்தது, எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி. நீ மட்டும்தான் பாப்பே என்று சொல்லித்தானே எழுதினார். திரையைக் காட்டுவதை நிறுத்தலாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. நிறுத்தினால் நான் தனியாக இதைப் படிக்க வேண்டும். அது என்னால் ஆகாது என்று அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

டிஸ்க் நிறைஞ்சிருக்கும். போட்டோவை எல்லாம் அழி. என் போட்டோவை முதல்ல அழி. நௌஷாத் மறுபடி சிரிக்கிறார், நான் சிரிக்க முயன்றேன். டிஸ்க் நிறைந்துதான் இருந்தது. காலையில் லேப்டாப் இடமில்லை என்று மஞ்சள் கட்டம் காட்டியது. போட்டோக்கள் பாதி இடத்தை அடைத்திருக்கின்றன, அவற்றை அழிக்க முடியாது, அவர் கண் மூடியபடி பதிவான போட்டோவைக்கூட அழிக்க முடியாது. அதனால் வேறு எதை அழிக்கலாம் என்று பார்த்து, கன்டெய்னருக்காக இறக்கி வைத்திருந்த பழைய மென்பொருள் பொதியை அழித்தேன். வேண்டும்போது மறுபடி இறங்கிக்கொள்ளும், எல்லாரும் செய்வதுதான். அது இப்போது இறங்கியது, இறங்கியபின்தான் இந்த வரிகள் ஆரம்பித்தன. அப்படியானால். நான் இருந்தா கூப்பிடு. இல்லேன்னா கத்தாதே, அக்கம்பக்கத்துல ஆளு இருக்கு. படித்தேன். சத்தம் வெளியே வராமல் படித்தேன். அப்படியானால் இறங்கியது பழையது இல்லை, புது வெர்ஷன். கண்ணாடியைத் துடைச்சுட்டு லாகைப் படி. என் கண்ணாடி எப்போதும் அழுக்காக இருக்கும், அவர்தான் தன் கைலி முனையில் துடைத்துக் கொடுப்பார், துடைத்தபின் இன்னும் மங்கும். சேலை முந்தானையில் துடைத்தேன், அவர் சொல்லித் துடைக்கிற மாதிரி இருந்தது. அக்கா அவர் சொல்றதும் கரெக்ட்டுதான், பக்கத்துல லாகைத் திறங்க என்றார் நௌஷாத். திறந்தேன். மெஷின் நடந்ததை எழுதிவைக்கிற குறிப்பு அது, டேட்டாபேஸ் எதற்காக எழவில்லை என்று அங்கே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இந்தத் தகவல்கள் பழைய வெர்ஷன் எழுதியவை, நான் புது வெர்ஷன், எனக்கு இவற்றைத் திறக்க வராது. திரும்பத் திரும்ப அதையே சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் செத்து விழுந்திருக்கிறது.

நௌஷாத் உச்சுக்கொட்டினார். தெரிஞ்சு போச்சுக்கா. ஸ்கிரிப்டில வெர்ஷன் நம்பர் போடாம எப்பவும் புதுசை எடுன்னு விட்டுட்டாரு உங்க ஆளு. ஜோக்கு எழுதத் தெரியுது, நம்பர் போடத் தெரியல. இது காலேஜ் முடிச்சு வர்றவங்க பண்ற தப்பு. உங்க ஆளு என்று அவர் சொன்னது சும்மா சொன்னதுதான். இதை நானும் ஆசீரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பரைப் போட்டுருங்க, ஒருநாள் புதுசு வந்து மாட்டிக்குவோம் என்றேன். எப்பவும் புதுசு இருக்கட்டுமேட்டி, பழசைக் கட்டிக்கிட்டு என்ன செய்ய என்றார். அரைமணி நேரம் சண்டை. சண்டை போட்டதில் ஜெயித்தது நான் என்று இன்றைக்குத் தெரிகிறது, சொல்ல ஆள் இல்லை. நௌஷாத் சொல்கிறார், டேட்டா பத்திரமாத்தான் இருக்கும், பழைய நம்பரைப் போட்டா திறந்துக்கும், ஆனா இப்ப ஓடறது வேஸ்ட்டுக்கா, சாயங்காலம் வரைக்கும் கேட்டாலும் இது எந்திரிக்காது, நிறுத்துங்க. என்னைத் திட்டு, பரவால்ல. மெஷினை அடிக்காதே. நௌஷாதும் ஆசீரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தெரியுது நௌஷாத் என்றேன், ஓடட்டும். அந்தப் பக்கம் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சிரித்தார். ஓ, அடுத்து என்ன சொல்றாருன்னு பாக்கணுமா? எனக்கும்தான். ஓடட்டும், ஓடட்டும். நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இனி வருவதெல்லாம் வீண். எழாது என்று தெரிந்தே எழுந்தாச்சா என்று கேட்கிறது ஸ்கிரிப்ட். எனக்கு அது எழ வேண்டியதில்லை. எழுந்துவிட்டால் அவர் நிறுத்திக்கொள்வார்.

எப்சி, பசிக்குதா? அட, உங்க பேரு என்றார் நௌஷாத். ஒரே குழுவில இருந்தோம், எல்லாரையும் இப்படித்தான் என்றேன், குரல் சரியாகத்தான் வந்தது, முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்குக் குரலைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியும். பசிக்கிறதா. காலையில் இரண்டு இட்லி. இல்லை, ஒன்று. ஒருத்திக்கு என்று மாவு ஆட்டுவது ஒரு வேலையா என்று கடையில் வாங்குகிறேன், பாக்கெட்டில் பாதி புளித்துப் போகிறது. பசிக்குதா என்று என்னை யாரும் கேட்டு நாளாயிற்று, சாப்பிட்டியா என்றுதான் கேட்கிறார்கள், சாப்பிட்டேன் என்றால் முடிந்துவிடும். பசிக்கிறது ஆசீர். மீன் வாடை வருகிறது. எனக்குப் பசிக்குது. அவர்தான், அடுத்த வரியில். குழாய் போட்டிருந்தபோது மூக்கு வழியே வெள்ளையாக ஏதோ ஊற்றினார்கள், பசி தெரியாது அவருக்கு, மயக்கத்தில் இருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். தெரியாது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன். நௌஷாத் பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்குகிறார். மனுஷன் சாப்பாட்டு நேரத்துல எழுதியிருக்காரு போலக்கா. ஆமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு நேரமாகிவிட்டது, கறி வேகவே இல்லை. இதுக்கு மேல எனக்கும் தெரியாது. வரி வந்தது, அதைக் கடந்து போக எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. எது தெரியாது, டேட்டாபேஸா? இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே, அதற்குள் தெரியாது என்றால். இங்க ஒண்ணு எழுதணும். இது என்ன. இதுவும் வேடிக்கையா. கொம்பு இல்லாத வரி, ஒன்றும் உடையாமல் நேராக நின்றது. இங்க ஒண்ணு எழுதணும். மறுபடியும். நான் திரைக்குப் பக்கத்தில் போனேன், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். இங்க ஒண்ணு எழுதணும்.

முப்பதுக்கும் எழுதியாச்சு என்று நெஞ்சைத் தட்டினார். எழுதவில்லை. நாங்கள் எல்லாரும் செய்வதுதான், பிறகு எழுத வேண்டிய இடத்தில் பிறகு எழுதணும் என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவோம், போட்டதோடு சரி, எத்தனையோ வருடத்து வேலைகளில் அந்த வரிகள் அப்படியே கிடக்கின்றன, போட்டவர்கள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ஒரு வரியை அடித்து, அதையே நகலெடுத்து முப்பது வரைக்கும் ஒட்டியிருக்கிறார். ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும். இங்க ஒண்ணு எழுதணும். நான்தான் கூப்பிட்டேன், கறி வெந்ததும், ஆறிப் போகும், வந்து சாப்பிட்டுட்டு எழுதுங்க என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன், அவர் உடனே எழுந்து வந்தார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் உடனே எழுவார். லேப்டாப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அதே மேசையில் சாப்பிட்டோம். சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை. அவர் திறக்கவில்லை, மறந்திருப்பார், நானும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, முப்பதும் இருக்கிறது என்றுதானே இருந்தேன். இந்த ஒரு வருடமும் அப்படித்தான் இருந்தேன். சில ராத்திரி தூக்கம் வராதபோது, இருபத்தாறு, என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன். இருந்தது பத்து. இங்க ஒண்ணு எழுதணும். ஒன்றாவது மாறி வரும் என்று ஒவ்வொன்றையும் முதல் எழுத்திலிருந்து படித்தேன். நடுவில் நினைவு வந்து ஏதாவது ஒன்றை மட்டும் திருத்தியிருக்கலாம், கடைசி வரியையாவது எழுதியிருக்கலாம், கடைசியை முதலில் எழுதி வைக்கிறவர்கள் உண்டு. இங்க ஒண்ணு எழுதணும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து வாய்ப்பாடு நின்றுபோனது, பிள்ளைகள் வெளியே ஓடிவருகிற இரைச்சல். லூப்பில மாட்டிக்கிச்சாக்கா என்றார் நௌஷாத். இல்ல, அவ்வளவுதான் எழுதியிருக்கார் என்றேன். கடைசியும் அதேதான். அதற்குக் கீழே டேட்டாபேஸ் எழவில்லை என்று மெஷின் தன் பங்குக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. அடுத்து என்ன செய்யட்டும் என்று கட்டம் மினுங்கிக்கொண்டிருந்தது. நௌஷாத் பெரிதாகச் சிரித்தார். சரியான சோம்பேறிக்கா உங்க ஆளு, பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. ஆமா என்றேன். அவர் நம்பர் இருக்கா உங்ககிட்ட? இருக்கு என்றேன். நல்லா எழுதறாருக்கா மனுஷன், நம்ம புது ஸ்கிரிப்டிலயும் போட்டுக்கலாம், ஒரு போன் பண்ணி மிச்சத்தை முடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, நான் கேட்டதாச் சொல்லுங்க. சொல்றேன் என்றேன்.